துண்டுக்கடியில் ஐந்து விரல்

தோளில் கிடந்த துண்டை எடுக்கக் கிளம்பிய கை பாதி வழியில் நின்றது. மறுபடி கிளம்பியது, மறுபடி நின்றது. மாட்டுத் தரகர் ஆறுக்குட்டி தன் வலது கையைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். சனியனே, சித்தெ சும்மா இரு. சண்டைக் கூண்டின் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவருடைய ஒரே மகள் மாசாணி மல்லாக்கக் கிடந்தாள். அவள்மேல் குர்லீன் என்கிற பஞ்சாப்காரி, இதுவரை ஒரு சண்டைகூடத் தோற்காதவள், லாரியிலிருந்து இறக்கிப் போட்ட நெல் மூட்டை மாதிரி அமுங்கிக் கிடந்தாள். மூட்டைக்குக் கை கிடையாது, இவளுக்கு இருந்தது. அந்தக் கை வெகு நிதானமாக, அவசரமே இல்லாமல், மாசாணியின் விலாவில் குத்திக்கொண்டிருந்தது. தொப், தொப். ரவுண்டு இரண்டு. முதல் ரவுண்டு போனது போனதுதான், அது எப்படிப் போனதென்று அவருக்கு ஞாபகம்கூட இல்லை, ஏதோ மாசாணி இரண்டு உதை உதைத்தாள், அப்புறம் இப்படித்தான் கீழே கிடந்தாள். துண்டை எடுத்து உள்ளே வீசினால் எல்லாம் முடிந்துவிடும். தோற்றோம், புள்ளையை விடுங்கள் என்று அர்த்தம். மத்தியானம் விதிமுறை சொல்லக் கூட்டிய கூட்டத்திலேயே அதைச் சொல்லிவிட்டார்கள். ஒரு துண்டுக்கு இம்புட்டு அதிகாரமா என்று அப்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. பொள்ளாச்சிச் சந்தையில் முப்பது வருசமாகத் துண்டுக்கடியில் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிற மனுசன். துண்டின் அதிகாரத்தை அவருக்கா சொல்ல வேண்டும். இப்போது சிரிப்பு வரவில்லை. தொப். அம்மா மாசாணி, ஆனைமலைத் தாயே, உன் பேரைத்தானே வெச்சிருக்கறன், மல்லாக்கப் படுத்துக்கிட்டே இருக்கற சாமி பேரை வெச்சது தப்பாப் போச்சா, எந்திரிச்சு நிக்கற சாமி எத்தனை இருக்குது, காளி இருக்குது, பத்திரகாளி இருக்குது. சீ, இதென்ன நினைப்பு. படுத்துக்கிட்டே ஊரை ஆளுற சாமிதானே அது.

மத்தியானம் அந்தச் சின்னப் பையன் மாதிரி இருந்த அதிகாரி கவரில் மடித்த ஒரு வெள்ளைத் துண்டை நீட்டினான். "சார், கார்னர்ல நிக்கறவங்க இதுதான் வெச்சுக்கணும்." "எதுக்குங் தம்பி, என்ற துண்டுக்கு என்ன கொறச்சல்?" "அது ரூல்ஸ் சார்." "ரூல்ஸுல கலரு போட்டிருக்குதா? காட்டு." காட்ட முடியவில்லை. "வேட்டி கட்டக்கூடாது சார், டிராக் பேன்ட் போடணும்." "டி-சர்ட்டு போட்டுக்கறேன், உங்க கம்பெனி பேரு போட்டதையே போட்டுக்கறேன், வேட்டியும் துண்டும் என்றது. பாதி உனக்கு, பாதி எனக்கு, சரிதானே?" பையன் தலையைச் சொறிந்தான். தலையைச் சொறிகிறவன் விலை இறங்கிவிட்டான் என்று அர்த்தம். மேலே பேசக்கூடாது, சட்டென்று அவன் முதுகில் தட்டி நகர்ந்துவிட வேண்டும். நகர்ந்துவிட்டார். அப்படி ஜெயித்துக் கொண்டுவந்த துண்டு. ஓரத்தில் பச்சைக் கரை, நடுவில் ஒரு மயிலைக் காளை மென்று துப்பிய ஓட்டை. இந்த ஓட்டைத் துண்டு இப்போது தோளில் ஒரு கன்றுக்குட்டி கனம் கனக்கிறது. கோயமுத்தூரில் ஞாயிற்றுக்கிழமை பொழுதோட இந்த ஏசி போட்ட மண்டபத்தில் இரண்டாயிரம் பேர் இருப்பார்கள், அத்தனை பேரும் அந்தப் பஞ்சாப்காரியின் படம் போட்ட தட்டியைப் பார்த்து டிக்கெட் எடுத்தவர்கள். மாசாணியின் படம் தட்டியில் இல்லை. எப்படி இருக்கும்? குர்லீனோடு மோத வேண்டிய பம்பாய்ப் பெண் பயிற்சியில் கையை உடைத்துக்கொள்ள, கடைசி நேரத்தில் ஆள் கிடைக்காமல் கூப்பிட்ட பிள்ளைதானே இவள். இதுவரை மூன்றே சண்டை போட்டவள். நோட்டீசில் பம்பாய்க்காரி பேரின் மேல் காகிதம் ஒட்டி இவள் பேரை எழுதியிருந்தார்கள். அந்தக் காகிதம் ஒரு மூலையில் பிய்ந்திருந்ததை வாசலில் பார்த்து ஆறுக்குட்டி எச்சில் தொட்டு ஒட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"யோவ், புள்ளையைக் கூட்டிட்டு ஊட்டுக்குப் போய்யா, பாவம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். முதல் ரவுண்டிலிருந்தே இந்தக் குரல் வந்துகொண்டிருந்தது. ஆறுக்குட்டி திரும்பினார். மூன்றாவது வரிசையில் ஒரு கண்ணாடிக்காரர், மடியில் மக்காச்சோளப் பொட்டலம். "உன்ற புள்ளையா அது? சோளத்தைத் தின்னுட்டு மூடிக்கிட்டு உக்காரு!" "நல்லதுக்குச் சொன்னேனுங்." "உன்ற நல்லதை உன்ற மடியிலயே வெச்சுக்க!" எழுந்து போய் அந்தப் பொட்டலத்தை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று கால் துடித்தது. பக்கத்தில் நின்ற பிஜு மாஸ்டர் அவர் கையைப் பிடித்தார். மாஸ்டர் பாலக்காட்டுக்காரர், மாசாணிக்கு ஆறு வருசமாகச் சண்டை சொல்லிக்கொடுப்பவர். பாலக்காட்டு யாவாரிகளோடு வாரத்தில் இரண்டு நாள் மல்லுக்கட்டுகிற ஆறுக்குட்டிக்கு அந்தப் பேச்சு பழக்கம். "சேட்டா, அங்கே பாருங்கோ, இங்கே பாராதீங்கோ." அங்கே பார்த்தார். தொப். டி-சர்ட்டுப் பையில் போன் அதிர்ந்தது. அது பெண்டாட்டி தெய்வானை. வேறு யார். வீட்டில் டிவியையும் பார்க்க மாட்டாள், போனிலும் பார்க்க மாட்டாள், மாசாணியம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அஞ்சு நிமிசத்துக்கு ஒருதரம் அடித்துக்கொண்டே இருப்பாள். கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்: "ஏனுங்க, புள்ள மொகத்துல ஒரு கீறல் உழுந்தாலும் துண்டெ வீசிப்போடோணும். சத்தியமா?" "சத்தியமா." பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மாசாணி கேட்டாள்: "அப்பா, என்ன ஆனாலும் துண்டெ வீசக்கூடாது. சத்தியமா?" "சத்தியமாக் கண்ணு." இரண்டு பக்கமும் தரகு வாங்கிக்கொண்ட தரகனுக்கு என்ன மரியாதையோ அதுதான் இன்றைக்கு எனக்கு. விற்கிறவனிடமும் தலையாட்டி, வாங்குகிறவனிடமும் தலையாட்டி, நடுவில் மாடு நிற்கிறது. மாடில்லை, புள்ளை. என்ற புள்ளை. துண்டை மாஸ்டரிடமே கொடுத்துத் தொலைத்திருக்கலாம். கொடுக்கத்தான் போனார். மாஸ்டர் வாங்கவில்லை. "நான் ஜெயிக்கணும்னு பார்த்துக்கிட்டே இருப்பேன், சேட்டா. அப்போ எனக்குப் புள்ளை தெரியாது. உங்களுக்குத் தெரியும். உங்க கையிலே இருக்கட்டும்." அப்போது பெருமையாக இருந்தது. பெருமையைச் சுமந்து பார்த்தால்தான் தெரிகிறது.

ஆனால் இப்படிப்பட்ட சண்டையும் தலைகீழாகக் கவிழ்ந்திருக்கிறதே. கவிழ்ந்ததே இல்லையா என்ன. மாசாணியோடு சண்டை பழகும் பையன்கள் அவர் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள், இந்தக் கூண்டுச் சண்டையில் ஊரே தோற்பான் என்று சொன்ன ஆள் ஜெயித்த சண்டையெல்லாம் வரிசையாக. கேரளாவுக்கு மாட்டு லாரியில் போகும்போது டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பப் பார்ப்பார். ஒரு குட்டையான அமெரிக்காக்காரன், பார்த்தால் நம்ம வால்பாறை டீக்கடை அண்ணாச்சி மாதிரி, கனடாக்காரன் ஒருத்தனை, சிற்பம் மாதிரி உடம்பு அவனுக்கு, முதல் ரவுண்டிலேயே சாய்த்துவிட்டான். ஆஸ்திரேலியாவில் ஒரு சண்டை, யாராலும் தொட முடியாது என்று உலகமே சொன்ன பெண்ணின் கழுத்தில் இன்னொருத்தியின் இடது கால் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். இன்னொரு சண்டையில் இரண்டு பட்டம் வைத்திருந்த சிங்கம் மாதிரி ஒருத்தி, கழுத்தை நெரித்ததும் தானே தட்டிவிட்டாள். தட்டுவதென்றால் விட்டுவிடு என்று கையால் எதிராளி உடம்பில் தட்டுவது. அதைப் பார்த்தபோதுதான் ஆறுக்குட்டி லாரியில் துள்ளிக் குதித்து மண்டையை மேலே இடித்துக்கொண்டார். "அண்ணா, பின்னால மாடு மெரளுது, சித்தெ அடங்குங்" என்றான் டிரைவர். எப்படி அடங்குவது? அவருக்கு அந்தச் சண்டைகளில் பிடித்தது அடியும் உதையும் இல்லை. அடி விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஜெயிக்கப் போகிறவர்கள் என்று பேரெடுத்தவர்களின் முகம். அதில் ஒரு சலிப்பு இருக்கும். சந்தையில் பெரிய காங்கேயம் காளையைக் கட்டிவைத்துக்கொண்டு, இதை மிஞ்ச இன்றைக்கு எவன் வரப் போகிறான் என்று வெற்றிலை மடிக்கிறவன் முகத்தில் வருமே, அந்தச் சலிப்பு. அந்த நேரத்தில் போய்த்தான் அவர் துண்டை விரிப்பார். முப்பது வருசம் சோறு போட்டது அந்தச் சலிப்புத்தான். ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவனை, அப்பன் ஆத்தா இல்லாமல் சாணி அள்ளிக்கொண்டு சந்தைக்குள் நுழைந்தவனை, யார்தான் ஜெயிப்பான் என்று சொன்னார்கள்? என் பேரையும் ஏதோ காகிதத்தின் மேல்தான் ஒட்டினார்கள். ஒட்டினவன் நானேதான். குர்லீனின் முகத்தைப் பார்த்தார். வலைக்குள்ளே அது பக்கவாட்டில் திரும்பியிருந்தது. குத்திக்கொண்டே அவள் மேலே தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தாள். சலிப்பா அது? களைப்பா? மாட்டுக்கென்றால் காதைப் பார்த்துச் சொல்லிவிடுவார். மனுசப் பிறவிக்குக் காது ஆடுவதில்லை, அதுதான் தொல்லை.

ஊதல் ஒலித்தது. ரவுண்டு முடிந்தது. மாசாணி எழுந்தாள். எழுந்ததே போதும் என்று அவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, அதற்குள் மாஸ்டர் முக்காலியோடு கூண்டுக்குள் ஓட, அவர் தண்ணீர்ப் பாட்டிலும் ஐஸும் இருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வேட்டி தடுக்கத் தடுக்கப் பின்னால் ஓடினார். ஒரு நிமிசம்தான் ஓய்வு. மாசாணியின் இடது புருவத்தில் ஒரு கீறல். சின்னது. ஆனால் கீறல். தெய்வானை சொன்ன கீறல் அதுதான், அதேதான், அவள் வாசலில் நின்றே இதைப் பார்த்துவிட்டாள். ரத்தம் கண்ணோரம் இறங்கி நின்றது. "மோளே, மூச்சு, மூக்காலே எடு, மூக்காலே" என்றார் மாஸ்டர். எதிர் மூலையில் குர்லீன் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள், இடது காலை மட்டும் நீட்டி வைத்திருந்தாள். ஆறுக்குட்டிக்குப் பளிச்சென்றது. நொண்டி! மறைக்கிற நொண்டி! முப்பது வருசத்தில் எத்தனை மாட்டுக்கு இதைப் பார்த்திருக்கிறார். மாஸ்டர் காதோரம் குனிந்தார். "மாஸ்டரே, அவ இடது கால் ஊன்றதில்லை, பாத்தீங்களா? நொண்டி மாட்டெ விக்கறவனாட்ட மறைச்சு வெச்சிருக்கறாங்க!" மாஸ்டர் ஐஸை மாசாணியின் பிடரியில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தார். "சேட்டா, ரெண்டு ரவுண்டா நம்ம மோள்தானே அந்தக் காலை உதைச்சு உதைச்சு அப்படி ஆக்கி வெச்சிருக்கு? நீங்க எங்கே பார்த்துக்கிட்டு இருந்தீங்க?" அந்த ரத்தத்தோடு மாசாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல் காப்பு இல்லாத வாயால் சிரித்தாள். நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்? அடி விழுகிற இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கிற இடத்தை அப்பன் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

அவள் சிரித்தது அவருக்குப் பொறுக்கவில்லை. இந்தச் சிரிப்போடு இவளை வீட்டுக்குக் கூட்டிப்போய்விட வேண்டும். இப்போதே. வாயால் சொன்னால் மாஸ்டர் காதில் விழும், ரெஃபரி காதில் விழும், அந்தச் சோளக்காரன் காதில்கூட விழும். அவர் துண்டை எடுத்தார். ரெஃபரி திரும்பிப் பார்த்தார். வீசவில்லை. மாசாணியின் வலது கைமேல் விரித்தார், தன் கையை அதற்கடியில் விட்டார். கையுறைக்கு வெளியே அவள் விரல்கள் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன. இந்தச் சண்டைக்காரர்களின் கையுறை அப்படித்தான், பிடிப்பதற்கு விரல் வேண்டும். ஐஸில் நனைந்த விரல்கள். ஏழு வயதில் பள்ளிக்கூடம் லீவென்றால் சந்தைக்கு வந்து இதே துண்டுக்கடியில், அவருக்கும் யாவாரிக்கும் நடுவில், மூன்றாவதாக ஒரு சின்னக் கையை நுழைப்பாள். என்னமோ எலி மாதிரி ஊர்ந்து வரும். முழு விரலென்றால் ஒன்று, கையை மொத்தமாகப் பிடித்தால் ஐந்து, விரல் கணுவைத் தொட்டால் அரை. இரண்டே வாரத்தில் படித்துக்கொண்டாள். ஒரு நாள் உடுமலைப்பேட்டை யாவாரி ஒருவர் ரகசியமாக அழுத்திய விலையை, "அய்யோ அப்பா, மாமன் ரொம்பக் கம்மியாக் கேக்கறாரு!" என்று சந்தைக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டாள். யாவாரி துண்டை உதறிவிட்டு எழுந்து போனார், கூடியிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அவருக்கு யாவாரம் போன கோபத்துக்கு மேலே சிரிப்பு வந்தது. அந்த எலிக்கை இப்போது அவர் உள்ளங்கையை நிறைத்துக்கொண்டு கிடந்தது, உறையும் தழும்புமாக. அவர் அவளுடைய ஒற்றை விரலைப் பிடித்தார். ஒரு நிமிசம். அதற்கு மேல் துண்டு உள்ளே வரும். அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணைச் சிமிட்டாமல் மாஸ்டரைப் பார்த்தபடியே, தலையை ஆட்டியபடியே, துண்டுக்கடியில் அவர் கையை முழுசாகப் பிடித்தாள். ஐந்து. ஐந்து நிமிசம், ரவுண்டு முழுக்க. அவர் கையை உதறிக்கொண்டு இரண்டு விரலைப் பிடித்தார். அவள் திரும்பவும் ஐந்து. சந்தையில் எந்தத் தரகனும் இப்படிப் பேச மாட்டான், ஒரு கணுவாவது இறங்குவான், அதுதானே நாகரிகம். இரண்டும் அரையும் என்றார் அவர், கணுவைத் தொட்டு. இறங்கி வந்திருக்கிறேன் பார், நீயும் இறங்கு, உன் ஆத்தாளுக்கு நான் என்ன பதில் சொல்ல. ஐந்து. பிடி இறுகியது. "கேட்டியா மோளே?" என்று மாஸ்டர் கேட்டார். "கேட்டேன் மாஸ்டர்" என்றாள் அவள், அவர் கையை விடாமல். மூன்று என்றார் ஆறுக்குட்டி. கெஞ்சுகிற மூன்று. முப்பது வருசத்தில் அவர் விரல் யாரிடமும் கெஞ்சியதில்லை. அவள் இப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தாள், புருவத்தில் ரத்தத்தோடு, சலிப்பே இல்லாத ஒரு முகம், நனைந்த முகம், தெய்வானையின் மூக்கு, அவருடைய வீம்பு. ஐந்து. "கார்னர் வெளியே!" என்றார் ரெஃபரி. பேரம் படிந்தால் துண்டை விலக்கி உள்ளங்கையில் ஓங்கித் தட்ட வேண்டும், அதுதான் முடிவு, அதற்கப்புறம் யாரும் பேச்சு மாறக்கூடாது. மாசாணி தானே துண்டை விலக்கினாள். தானே தட்டினாள். சரியென்று அவர் சொல்லவே இல்லை. ஏமாத்துக்காரி. வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவருக்கு உள்ளங்கை எரிந்தது, தண்ணீரில் பாதி வேட்டியில் கொட்டியிருந்தது, அதை எப்போது கொட்டினார் என்று தெரியவில்லை.

மூன்றாவது ரவுண்டு, அதுதான் கடைசி. உதை. இப்போது பார்த்தார், கண்ணை அங்கேயே கட்டிவைத்துப் பார்த்தார். மாசாணியின் வலது கால் சுழன்று குர்லீனின் இடது தொடைக்குக் கீழே விழுந்தது, ஈரத் துணியைக் கல்லில் அடித்த சத்தம். குர்லீனின் முகம் ஒரு நொடி சுளித்துத் திரும்பவும் சரியானது. அடி கண்ணு! இன்னொன்று. "ஆஹா!" என்றது கூட்டத்தில் ஒரு மூலை. சோளக்காரர்கூட "அட" என்றார், அது இவர் காதில் விழுந்தது, அந்த நேரத்திலும் விழுந்தது. ஆறுக்குட்டிக்கு உடம்பு லேசாகிவிட்டது. ஜெயிக்க வேண்டாம், இப்படியே நின்று ரவுண்டை முடித்துவிட்டால் போதும், வீட்டுக்குப் போகலாம், வழியில் கிணத்துக்கடவில் இறங்கி அவளுக்குப் பிடித்த முட்டை பரோட்டா வாங்கித் தரலாம், எடை குறைக்கிறேன் என்று பத்து நாளாக வெள்ளரிக்காயைத் தின்றவள். மூன்று பரோட்டா. நாலு. பேரம் பேசாமல் எத்தனை கேட்டாலும். அந்த நினைப்பில் இருக்கும்போதே குர்லீன் குனிந்து பாய்ந்து இரண்டு காலையும் வாரிவிட்டாள். மாசாணி மல்லாக்க விழுந்தாள், அவர் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே, வலைக்குப் பக்கத்தில், கையை நீட்டினால் தொட்டுவிடலாம், வலை மட்டும் இல்லையென்றால். மறுபடி அந்த மூட்டை. மறுபடி அந்தக் கை. ஆனால் இப்போது நிதானமில்லை, வேகமாக இறங்கியது, கீறல் இருக்கிற பக்கமாகப் பார்த்து இறங்கியது. போன் அதிர்ந்தது. நெஞ்சுக்கு மேலே வைத்த போன், நெஞ்சுதான் அதிர்கிறதென்று நினைத்தார். முடிந்தது. போதும். ஐந்தும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், தெய்வானைக்குச் செய்த சத்தியம் முதலில் செய்தது, முதலில் செய்ததற்குத்தான் மதிப்பு, மூணு வருசம் பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும் இவள், பேசாமல் இருக்க வாய் வேண்டுமே முகம் வேண்டுமே. துண்டு கைக்கு வந்துவிட்டது. வந்தது தெரியவில்லை. கை பின்னுக்குப் போனது, வலைக்கு மேலே எறிகிற அளவுக்குப் பின்னுக்கு. "சேட்டா" என்றார் மாஸ்டர், தடுக்கவில்லை, கூப்பிட மட்டும் செய்தார். அப்போது வலையில் ஒரு கை வந்து பதிந்தது. மாசாணியின் வலது கை. வலையைப் பிடிக்கக் கூடாது, அது தப்பு, அவள் பிடிக்கவில்லை. விரலை மடக்காமல், உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேராக வைத்து, ஐந்தையும் அகல விரித்தாள். ஒரு நொடிதான். கட்டை விரல், ஆள்காட்டி, பாம்பு, மோதிரம், சுண்டு. ஐந்து. தட்டிக் கொடுத்த விலை. பேச்சு மாறலாமா தரகரே?

துண்டை வாயில் அடைத்துக் கடித்துக்கொண்டார். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையில் இருந்தால் கை எறிந்துவிடும். மயிலைக் காளை கடித்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே அவர் பல்லும் இறங்கியது. அந்தக் கை வலையிலிருந்து போய்விட்டது. எங்கே போனது? குர்லீனின் பிடரிக்குப் போனது. பிடரியைப் பிடித்துக் கீழே இழுத்தது. அதென்ன, அடிக்கிறவளை இன்னும் கிட்டத்தில் இழுக்கிறாள், இதென்ன கூத்து, அணைத்துக்கொள்கிறாளா? ஒரு கால் மேலே வந்தது. குர்லீனின் தோளுக்கு மேலே, கழுத்துக்குக் குறுக்கே, சோம்பல் முறிக்கிற மாதிரி வந்து விழுந்தது. அடுத்த கால் அந்தக் காலின் கணுவின்மேல் மடங்கிப் பூட்டியது. நுகத்தடி. பூட்டாங்கயிறு. மாட்டின் கழுத்தை நுகத்தில் மாட்டிக் கயிற்றை இழுத்துவிட்டாயே புள்ளை, எங்கே படித்தாய் இதை! மாஸ்டர் இரண்டு கையையும் வலையில் வைத்துக் கத்தினார், மலையாளம்தான், கத்திய வேகத்தில் ஆறுக்குட்டிக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, எல்லாம் புரிந்தது. குர்லீன் எழப் பார்த்தாள். மாசாணியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எழுந்து உதறிவிடலாம், பலசாலிதானே. வலது காலை ஊன்றினாள். இடது காலை ஊன்றினாள். ஊன்றியது நிற்கவில்லை. உதைத்து உதைத்து ஆக்கி வைத்த கால், மடங்கி உட்கார்ந்துவிட்டது. ரெஃபரி மண்டியிட்டு முகத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். இரண்டாயிரம் பேரில் ஒரு ஆள் மூச்சு விடவில்லை. ஆறுக்குட்டிக்கு வாயில் துண்டு, மூக்கில்தான் மூச்சு, மூக்காலே எடு, மூக்காலே. தாயே படுத்துக்கிட்டே ஊரை ஆளுறவளே. இறுக்கு கண்ணு. விடாதே. அந்தப் பொண்ணுக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது, அவளுக்கும் ஒரு ஆத்தா எங்கேயோ சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள், ஆனால் விடாதே. குர்லீனின் இடது கை பூட்டுக்கு வெளியே காற்றில் தொங்கியது. விரல்கள் விரிந்தன, மடங்கின, எதையோ யோசித்தன. அந்தக் கையை அவருக்குத் தெரியும். முப்பது வருசமாகத் தெரியும். விலையைக் கேட்டு, மனசில்லாமல், வேறு வழியில்லாமல், ஒத்துக்கொள்ளப் போகிற கை. கை இறங்கியது. மாசாணியின் தொடையில் தட்டியது. தட், தட், தட். உள்ளங்கையால், தெளிவாக, பேரம் படிந்த தட்டல்.

அதற்கப்புறம் என்ன நடந்ததென்று அவரைக் கேட்டால் ஒன்றுக்கொன்று பொருந்தாமல்தான் சொல்வார். சத்தம் என்று ஒன்று இருந்தது, கூரையிலிருந்து வந்ததா தரையிலிருந்து வந்ததா தெரியாது. சோளப் பொட்டலம் ஒன்று பறந்து வந்து அவர் தலையில் கொட்டியது. திரும்பினால் கண்ணாடிக்காரர் நாற்காலியின்மேல் நின்று "எங்க புள்ளைடா! பொள்ளாச்சிப் புள்ளைடா!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "ஏன்யா, இப்ப உன்ற புள்ளையா?" என்று பல்லிடுக்கிலேயே இவர் கேட்க, அந்த ஆள் இறங்கி வந்து இவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார், வேட்டி அவிழப் பார்த்தது, ஒரு கையால் வேட்டியையும் ஒரு கையால் அந்த மனுசனையும் பிடித்துக்கொண்டு ஆறுக்குட்டி சிரித்தார், வாயில் துண்டு இருந்ததால் அது சிரிப்பு மாதிரிக் கேட்கவில்லை. பெரிய திரையில் மாசாணியின் பேரைத் தப்பும் தவறுமாக எழுதிக் காட்டினார்கள், யாரோ ஒருவர் ஒலிபெருக்கியில் இப்படி ஒரு கவிழ்ப்பை இந்த மண்டபம் பார்த்ததே இல்லையென்று இங்கிலீசிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். குர்லீன் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். மாசாணி அவளுக்கு முன்னால் மண்டியிட்டுக் காலைத் தொட்டு ஏதோ கேட்டாள், காலைப் பற்றித்தான் கேட்டிருப்பாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு இவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். நல்ல புள்ளை. நல்ல வளர்ப்பு. ஊருக்குக் கூப்பிட்டுச் சோறு போட வேண்டும். போன் அதிர்ந்தது, எடுத்தார். "ஏனுங்க! என்ன ஆச்சுங்க! ஏதோ வெடிக்கற சத்தம் கேக்குது! புள்ள மொகத்துல…" "ஒரு கீறல்" என்று குழறினார். "ஒண்ணே ஒண்ணு. ஜெயிச்சுட்டா."  அந்தப் பக்கம் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத சத்தம். அப்புறம், "அந்தக் கீறலுக்கு உங்களுக்கு இருக்குது, ஊட்டுக்கு வாங்க." "வர்றோம், வர்றோம், ரெண்டு பேரும் வர்றோம்."

கூண்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே போனபோது மாசாணி எழுந்து நின்றாள், ஜெயித்தவளுக்குக் கொடுத்த, இடுப்பில் இன்னும் கட்டாத பெல்ட்டு ஒரு கையில் தொங்கியது, மறு கை வெறும் கை. கட்டிப்பிடித்து அழலாம் என்று வந்தவர் இரண்டடிக்கு முன்னால் நின்றுவிட்டார், எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரியவில்லை. "என்னங்ப்பா, துண்டெ தின்னுட்டீங்களா?" என்றாள். அப்போதுதான் அது இன்னும் வாயில் இருப்பது தெரிந்தது. அவளே எடுத்தாள். ஓரமெல்லாம் எச்சில், நடுவில் இரண்டு ஓட்டை. படம் பிடிக்கிறவர்கள் சுற்றி வந்துவிட்டார்கள். "சார், பாப்பா, இங்க பாருங்க! சார், துண்டைத் தூக்கிக் காட்டுங்க!" அவள் துண்டை உதறி அவர் கையின்மேல் விரித்தாள். பெல்ட்டை மாஸ்டர் கையில் திணித்துவிட்டுத் தன் கையை அடியில் விட்டாள். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை, ஏதோ பூஜை என்று நினைத்து அடங்கினார்கள். துண்டுக்கடியில், வியர்வையும் ஐஸ் தண்ணீருமாக, எலிக்கை ஊர்ந்து வந்தது; அவர் கையை முழுசாகப் பிடித்தது. ஐந்து. ஐந்தா? எதற்கு ஐந்து? இன்னும் ஐந்து சண்டையா, ஐந்து வருசமா, ஐந்து பரோட்டாவா? வாயைத் திறந்து கேட்டால் சொல்வாள். கேட்காமல் எந்தத் தரகனும் விலைக்கு ஒத்துக்கொள்ள மாட்டான், எதற்கென்று கேட்டு, இல்லையென்று சொல்லி, ஒன்றில் ஆரம்பித்து இரண்டுக்கு வந்து, போவது மாதிரி எழுந்து, திரும்பி உட்கார்ந்து, அதுதானே தொழில், அதுதானே அவர். அவள் புருவத்தைப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார். ஆறுக்குட்டி துண்டைத் தானே விலக்கினார், இரண்டாயிரம் பேருக்கு முன்னால் கையை உயர ஓங்கி, எதற்கென்று கேட்காமலேயே, மகளின் உள்ளங்கையில் பட்டென்று தட்டிக் கொடுத்தார்.